ஆவுளியாவை வரைய அனுமதி வேண்டாம், பவளத்தை ஒட்டத்தான் கூடாது

சட்டக் கேள்விகளுக்குப் பதில் எழுதும் இந்தப் பகுதிக்கு இந்த முறை வந்த கடிதம், ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு கடலோர ஊரிலிருந்து. எழுதியவருக்கு 27 வயது. தனியார் பள்ளி ஒன்றில் ஓவிய ஆசிரியை. அப்பா வத்தைப் படகில் மீன்பிடிக்கப் போகிறார், அம்மா கடல் பாசி எடுக்கப் போகிறவர். ஊர் பெயரையும் ஆளைக் காட்டிக்கொடுக்கும் மற்ற விவரங்களையும் எடுத்துவிட்டேன்.

கடிதத்தின் சுருக்கம் இது. இரண்டு வருடமாக, பள்ளி முடிந்து வந்து, இரவில் உட்கார்ந்து, நம் கடலில் அருகிப்போகும் உயிர்களை ஒரு வரிசையாக வரைந்துகொண்டிருக்கிறார். ஆவுளியா என்னும் கடல் பசு, பேராமை, அழுங்காமை, ஏழுவரி ஆமை, வேளா சுறா, கடல் குதிரை, கடல் அட்டை என்று மொத்தம் பன்னிரண்டு படங்கள், ஒன்பது முடிந்துவிட்டன. வெறும் வண்ணம் மட்டும் இல்லை, கரையில் பொறுக்கிய பவளத் துண்டுகள், மாமா வலையிலிருந்து எடுத்துக் காயவைத்துக் கொடுத்த இரண்டு கடல் குதிரைகள், பாட்டி வீட்டுச் சுவரில் பல வருடமாகத் தொங்கிய ஓர் ஆமை ஓடு, இதெல்லாம் படங்களில் ஒட்டப்பட்டிருக்கின்றன அல்லது ஒட்டப்படக் காத்திருக்கின்றன. சில படங்களுக்கு இணையத்தில் கிடைத்த புகைப்படங்களைப் பார்த்து வரைந்திருக்கிறார், கீழே எடுத்தவர் பெயரையும் போட்டிருக்கிறார்.

இப்போது பக்கத்து ரிசார்ட் ஒன்று 75,000 ரூபாய் தருவதாகச் சொல்கிறது. வரவேற்பறைச் சுவரில் பெரிதாக ஓர் ஆவுளியா வரைய வேண்டும், கூடவே இந்தப் பன்னிரண்டு படங்களையும் பைகளிலும் கோப்பைகளிலும் அச்சிட்டு விற்கும் உரிமையையும் தர வேண்டும். இதற்கு நடுவில் அச்சகக்காரர் ஒருவர், "அழிஞ்சுக்கிட்டு வர்ற விலங்கோட படத்தை விக்கணும்னா வனத்துறை லைசென்ஸ் வேணும், இல்லன்னா கேஸ்" என்று பயமுறுத்தியிருக்கிறார். குருசடைத் தீவுக்குப் போய் நேரில் பார்த்து வரையலாமா என்றும் கேட்கிறார். கடைசியாக ஒன்று. தாத்தா சொன்ன கதையை வைத்து, கரையில் ஆவுளியாவை அறுத்துப் பங்கு போடும் காட்சியை ஒன்பதாவது படமாக வரைந்திருக்கிறார். அதைப் பார்த்த மாமா, "இது ஊருக்கே கேஸ் வாங்கிக் கொடுக்கும், கிழிச்சுப் போடு" என்று சொல்லிவிட்டு அன்றிலிருந்து வீட்டுக்கே வரவில்லையாம்.

சகோதரி, முதலில் அச்சகக்காரர் போட்ட பயத்தை எடுத்துவிடுகிறேன். எந்த விலங்கின் படத்தையும் வரைய, அச்சிட, விற்க, கண்காட்சி வைக்க யாருடைய லைசென்ஸும் தேவையில்லை. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், 1972 வேட்டையாடுவதையும், உடலையும் உடல் பாகங்களையும் வைத்திருப்பதையும், விற்பதையும் தடுக்கிறது. காகிதத்தில் வண்ணத்தால் வந்த ஆவுளியா அந்தச் சட்டத்தின் கண்ணில் விலங்கே இல்லை. நிம்மதியாக வரையுங்கள்.

ஆனால் நீங்கள் பயப்பட வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு கேள்விகூட இல்லை. அந்தப் பவளமும், கடல் குதிரையும், ஆமை ஓடும்.

படத்தில் ஒட்டியிருப்பது

"உயிரோடு இருப்பதை உடைத்தால்தானே குற்றம், நான் எடுத்தது கரையில் ஒதுங்கிய செத்த பவளம்" என்று எழுதியிருக்கிறீர்கள். நம் கரையில் எல்லோரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள உயிரின் முழு உடலோ ஒரு பாகமோ, தானாகக் காய்ந்திருந்தாலும் நாம் பதப்படுத்தியிருந்தாலும், அதற்குள் வந்துவிடும். பவளமும் கடல் குதிரையும் கடல் அட்டையும் 2001ஆம் ஆண்டிலிருந்தே பாதுகாக்கப்பட்ட பட்டியலில் இருக்கின்றன. 39ஆவது பிரிவின்படி இவை அரசின் சொத்து, செத்துக் கிடந்ததைக் கண்டெடுத்தாலும் அப்படியே. கையில் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பக்கத்துக் காவல் நிலையத்திலோ வனத்துறை அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும். ராமேசுவரத்தில் கடை வைத்து விற்கிறார்களே என்று கேட்பீர்கள். பிடிபடும் நாள் வரை விற்கிறார்கள், அவ்வளவுதான், அது உங்களுக்கு அனுமதி ஆகாது.

ஆமை ஓடும் கனமான விஷயம்தான். கடல் ஆமைகள் முதல் பட்டியலில், அதாவது மிகக் கடுமையான பாதுகாப்பு உள்ள பட்டியலில், இருப்பவை. முதல் பட்டியல் உயிர் சம்பந்தப்பட்ட குற்றத்துக்கு மூன்று முதல் ஏழு வருடம் சிறை, 2022 திருத்தத்துக்குப் பிறகு அபராதமும் 25,000 ரூபாய்க்குக் குறையாது. "பாட்டி காலத்து ஓடு, நாங்கள் யாரும் கொல்லவில்லை" என்பது உண்மையாகவே இருக்கலாம், நான் நம்புகிறேன். ஆனால் பழைய பொருட்களை அரசிடம் தெரிவித்துப் பதிந்துகொள்ள 2003ல் 180 நாள் அவகாசம் கொடுத்தார்கள், அது முடிந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அப்போது உங்கள் வீட்டில் யாரும் பதியவில்லை என்றால் இப்போது வைத்திருக்கச் சான்று எதுவும் இல்லை. 57ஆவது பிரிவு இன்னும் கடுமையானது. பொருள் உங்கள் கையில் இருந்தது என்று நிரூபித்துவிட்டால் போதும், அது சட்டவிரோதமாக வந்ததல்ல என்று காட்டும் சுமை உங்கள் தலையில் விழும். ராமநாதபுரம் நீதிமன்ற வராந்தாவில் கடல் அட்டை வழக்குகளுக்காக வாய்தா வாய்தாவாக வந்து நிற்கும் குடும்பங்களை நான் பல வருடமாகப் பார்க்கிறேன். அந்த வரிசையில் ஒரு ஓவிய ஆசிரியை நிற்பதை நான் பார்க்க விரும்பவில்லை. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

என்ன செய்யலாம்? ஆமை ஓட்டை இரவோடு இரவாகக் கடலில் போட்டுவிடுங்கள் என்று பக்கத்து வீட்டில் யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். யாராவது படம் எடுத்துவிட்டால் மறைக்கப் பார்த்தீர்கள் என்றுதான் ஆகும். யாருக்கும் கொடுக்காதீர்கள், பார்சலில் அனுப்பாதீர்கள், அது தெரியும் படங்களை போனில் பகிராதீர்கள். உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, எங்கிருந்து எப்போது வந்தது, எதெதில் ஒட்டியிருக்கிறது என்று உள்ளதை உள்ளபடி ஒரு கடிதமாக எழுதி, ஓடு, கடல் குதிரை, பவளம் மூன்றையும் சேர்த்து வனச்சரக அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு, ஒரு நகலில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். இதிலும் ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், 48 மணி நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. ஆனால் தானாக வந்து கொடுத்தவரையும் சோதனையில் பிடிபட்டவரையும் ஒரு அதிகாரியும் சரி, நீதிபதியும் சரி, ஒரே தட்டில் வைத்துப் பார்ப்பதில்லை. மாமாவைப் பற்றி அந்தக் கடிதத்தில் என்ன எழுத வேண்டும், எது வேண்டாம் என்பதை உங்கள் வழக்கறிஞரிடம் தனியாகப் பேசி முடிவு செய்யுங்கள். அதனால்தான் அவரில்லாமல் போக வேண்டாம் என்கிறேன்.

ஒட்டியதைப் பிரித்தால் படம் கெட்டுவிடுமே என்று உங்களுக்கு மனசு அடித்துக்கொள்ளும். மூன்று படங்களைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும், தெரிகிறது. பவளத்தின் மேடுபள்ளத்தைக் காகிதக்கூழில் கொண்டுவர முடியும். பனை ஓலை இருக்கிறது, கிழிந்த நைலான் வலை இருக்கிறது, கரை முழுக்க ஒதுங்கிக் கிடக்கும் மிதப்புக் கட்டையும் பிளாஸ்டிக்கும் இருக்கின்றன. ஆமையின் கழுத்தை இறுக்குவது அந்த வலைதான், ஆமைப் படத்தில் அந்த வலையே இருந்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. சிப்பி, சங்கு ஒட்டுவதாக இருந்தால் சில வகைகள் பட்டியலில் உள்ளவை, பெயர் தெரியாததைத் தொடாதீர்கள்.

வெளிநாட்டில் இருக்கும் சித்தப்பா மகன் இரண்டு படம் கேட்பதாக ஒரு வரி எழுதியிருந்தீர்கள். வெறும் ஓவியம் என்றால் தாராளமாக அனுப்புங்கள். பவளம் ஒட்டியது என்றால் சுங்கத்தில் நிற்கும், அது உள்நாட்டுச் சட்டத்தோடு, அருகிவரும் உயிர்களின் வணிகத்துக்கான பன்னாட்டு ஒப்பந்தத்தையும் சேர்த்து மீறுவது.

பார்த்து வரைந்த புகைப்படங்கள்

"கீழே பெயர் போட்டுவிட்டேன், அது போதும்தானே?" போதாது. பெயர் போடுவது மரியாதை, அனுமதி வேறு. பதிப்புரிமைச் சட்டம், 1957ன்படி புகைப்படமும் ஒரு கலைப்படைப்பு. அதை அப்படியே தூரிகையால் திரும்பச் செய்வதும் நகல் எடுப்பதுதான். வீட்டில் பழகுவதற்கு வரைந்தால் யாரும் கேட்கப் போவதில்லை, ஆனால் பையில் அச்சிட்டு விற்கும்போது அதே படம் உங்களுக்கு எதிரான சாட்சி. ஆமையின் வடிவமோ நிறமோ யாருக்கும் சொந்தமில்லை. ஒருவர் பார்த்த கோணம், வெளிச்சம், சட்டகத்தில் அவர் வைத்த இடம், இவைதான் அவருடையவை. பத்துப் படம் பார்த்து, அப்பாவிடம் கேட்டு, உங்கள் மனசில் உருவானதை வரைந்தால் சிக்கல் இல்லை. ஒவ்வொன்றும் ஒருவர் எடுத்த ஒரே புகைப்படத்தைப் பார்த்து வரைந்தவை மூன்று என்று நீங்களே சொல்கிறீர்கள். அந்த மூவருக்கும் எழுதிக் கேளுங்கள், என்ன பொருளில், எவ்வளவு அச்சிடப் போகிறீர்கள் என்று சொல்லியே கேளுங்கள். பலர் சந்தோஷமாகச் சம்மதிப்பார்கள். பதில் வராவிட்டால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாமல் வேறு விதமாக வரையுங்கள்.

இங்கே வக்கீலாக இல்லாமல் இந்தக் கரையில் பிறந்தவளாக ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் அனுப்பிய நான்காவது படத்தில் இருப்பது ஆவுளியா இல்லை. வால் வட்டமாக, துடுப்பு மாதிரி இருக்கிறது. அது அமெரிக்கப் பக்கம் உள்ள வேறொரு கடல் பசு, இணையத்தில் கடல் பசு என்று தேடினால் அதுவும் கலந்துதான் வரும். நம் ஆவுளியாவின் வால் ஓங்கிலுக்கு (டால்பினுக்கு) இருப்பது போல இரண்டாகப் பிரிந்திருக்கும், வாய் கீழ்நோக்கி, தரையில் கடற்புல்லை மேய்வதற்கு வசதியாக மடிந்திருக்கும். இணையத்தை நம்பாமல் திருக்கை வலை போட்ட பெரியவர்களிடம் கேளுங்கள். அந்த வலையில்தான் அது அதிகம் சிக்கியது, அவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லத் தெரியும்.

படத்தின் கீழே எழுதியிருக்கும் குறிப்பிலும் ஒரு பிழை. ஆவுளியா காப்பகம் நம் மாவட்டக் கடலில் இல்லை. 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு அறிவித்த 448 சதுர கிலோமீட்டர் காப்பகம் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் இருக்கிறது. நமக்குத் தெற்கே இருப்பது 1986ல் வந்த மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா, ராமேசுவரத்திலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகள். பையில் அச்சாகிப் பல ஊர்களுக்குப் போகப்போகிற வரி என்பதால் சரியாக இருக்கட்டும்.

குருசடையும் அந்தப் பூங்காவுக்குள் வருவதால், தெரிந்தவர் படகில் ஏறிப் போய் இறங்கிவிடக் கூடாது, நம் ஊர்க்காரர்களாக இருந்தாலும். வனத்துறை வழியாக முறையாகப் போகும் ஏற்பாடு இருந்தால் அதில் போங்கள், நாள் கணக்கில் உட்கார்ந்து வரைய வேண்டும் என்றால் ராமநாதபுரத்தில் உள்ள வனஉயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி கேளுங்கள். அது வரும் வரை காரங்காட்டுச் சதுப்புக் காட்டிலும், பிச்சைமூப்பன்வலசையிலும் படகுச் சவாரி இருக்கிறது, நோட்டை எடுத்துக்கொண்டு போய் உட்காரலாம்.

ரிசார்ட் நீட்டும் பத்திரம்

நீங்கள் அனுப்பிய ஒப்பந்த நகலை இரண்டு தடவை படித்தேன். ஒரே பத்திரத்தில் இரண்டு வேறு வேறு விஷயங்களைச் சேர்த்து, கடைசியில் "அனைத்து உரிமைகளும் நிரந்தரமாக" என்று முடித்திருக்கிறார்கள். இதில் இப்படியே கையெழுத்துப் போடாதீர்கள்.

பன்னிரண்டு படங்களும் யாரும் கேட்காமல், உங்கள் வீட்டில், உங்கள் நேரத்தில் வரைந்தவை. அவற்றின் பதிப்புரிமை வரைந்த அன்றே உங்களுடையது, பதிவு செய்யாவிட்டாலும் உங்களுடையதுதான். பதிவு என்பது நாளைக்கு வழக்கு வந்தால் கையில் ஒரு சான்று, அவ்வளவே. ஆனால் சுவர் ஓவியத்தின் கதை வேறு, இது பல ஓவியர்களுக்குத் தெரியாது. பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவின்படி ஒருவர் கேட்டு, அதற்குப் பணம் கொடுத்து வரையப்பட்ட ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். "சுவர் அவங்களோடது, படம் என்னோடது" என்று நீங்கள் எழுதியது நியாயமாகத் தோன்றலாம், சட்டம் நேர்மாறாக இருக்கிறது. அதை மாற்றத் தேவைப்படுவது ஒரே ஒரு வரி: "இந்த ஓவியத்தின் பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும்." அந்த வரி பத்திரத்தில் வர வேண்டும்.

இரண்டையும் தனித்தனிப் பத்திரமாகக் கேளுங்கள். சுவருக்கு ஒரு கூலி, அதில் பாதி முன்பணம். அச்சிடுவதற்கு ராயல்டி, எந்தப் படம், எந்தப் பொருளில், எந்தக் கடையில், எத்தனை வருடம், ஒரு பைக்கு எவ்வளவு என்று எழுதியிருக்க வேண்டும். 19ஆவது பிரிவு இதையெல்லாம் எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்கிறது, காலம் சொல்லாமல் விட்டால் ஐந்து வருடம் என்றும் இடம் சொல்லாமல் விட்டால் இந்தியா என்றும் அதுவே வைத்துக்கொள்ளும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இரண்டு வருடத்துக்கு மேல் கொடுக்க மாட்டேன். 75,000 என்பது ஓர் ஆசிரியை சம்பளத்தோடு வைத்துப் பார்த்தால் பெரிய தொகைதான், அதற்காக உங்கள் ஆயுளுக்கும் அதன் பின் 60 வருடத்துக்கும் ஓடக்கூடிய உரிமையை மொத்தமாகக் கொடுப்பது சரியான விலை இல்லை. அவர்கள் மறுத்தால் சுவரை மட்டும் வரைந்து கொடுத்துவிட்டு வாருங்கள்.

அந்தச் சுவரை நாளைக்கு வெள்ளையடித்துவிட்டால்? வனவிலங்குச் சட்டத்தின் 57 பயமுறுத்தியது, பதிப்புரிமைச் சட்டத்திலும் ஒரு 57 இருக்கிறது, அது உங்கள் பக்கம். உரிமையை விற்றுவிட்ட பிறகும்கூட, படைப்பு தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளவும், தன் பெயருக்குக் கேடு வரும்படி அதைச் சிதைத்தால் தடுக்கவும் ஓவியருக்கு உரிமை உண்டு. டெல்லி விஞ்ஞான் பவனில் சிற்பி அமர்நாத் சேகல் செய்த வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979ல் கழற்றிக் கிடங்கில் போட்டுவிட்டார்கள். 2005ல் டெல்லி உயர்நீதிமன்றம் மிச்சத்தை அவரிடமே திருப்பிக் கொடுக்கவும் 5 லட்சம் ரூபாய் நஷ்டஈடு தரவும் உத்தரவிட்டது. தீர்ப்பு நல்லதுதான், ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள், எத்தனை வருடம். அதனால் "இடிக்கவோ வெள்ளையடிக்கவோ செய்யும் முன் 30 நாள் முன்னறிவிப்பு" என்று இப்போதே எழுதி வாங்கிவிடுங்கள்.

இன்னொன்று. விற்பனையில் ஒரு பங்கு கடல்வாழ் உயிர்களின் பாதுகாப்புக்குப் போகும் என்று பையில் அச்சிடப் போவதாகச் சொன்னார்களாம். எவ்வளவு, யாருக்கு, எப்போது என்று பத்திரத்தில் இல்லை. உங்கள் பெயர் போட்ட பையில் அந்த வாசகம் வருகிறது என்றால் கணக்கைப் பார்க்கும் உரிமையும் உங்களுக்கு வேண்டும், இல்லையென்றால் அந்த வரியே வேண்டாம்.

ஒன்பதாவது படம்

மாமா பயப்படுவதில் சட்டப்படி அடிப்படை இல்லை, ஆனால் அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிகிறது. ஒரு காலத்தில் நம் கரையில் ஆவுளியாக் கறி பங்கு போட்டது எல்லோருக்கும் தெரிந்ததுதான். இன்று அது சிறை. கதையாகக் கேட்டதை வரைந்த ஒரு படத்தை வைத்து யார் மீதும் வழக்குப் போட முடியாது. ஆனால் பெரிதாக்கிப் பார்த்தபோது இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. பின்னால் நிற்கும் படகில் பதிவு எண் தெளிவாக இருக்கிறது, கத்தி பிடித்திருப்பவரின் முகம் இன்று உயிரோடு உள்ள ஒருவருடைய சாயல் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர் இதைச் செய்தவரா இல்லையா என்பதே யாருக்கும் தெரியாது. அவர் அவதூறு என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆவது பிரிவின்கீழ் புகார் கொடுக்க இடம் இருக்கிறது. வழக்கு வராவிட்டாலும், ரிசார்ட்டுக்கு வரும் ஆட்கள் படம் பிடித்துக்கொண்டு போய், அந்தப் பெரியவரைத் தேடிக்கொண்டு ஊருக்குள் வந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். எண்ணை அழியுங்கள், முகத்தை மாற்றுங்கள். படத்தைக் கிழிக்க வேண்டியதில்லை.

அந்தப் படம் ரிசார்ட் பையில் போக வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன், அது அங்கே வேடிக்கைப் பொருளாகிவிடும். முதலில் ஊரில் காட்டுங்கள். பள்ளிக்கூடத்திலோ மீனவர் சங்கக் கட்டடத்திலோ ஒரு நாள் பன்னிரண்டையும் மாட்டி வைத்து, மாமாவையும் கூப்பிடுங்கள். வலையில் சிக்கிய ஆவுளியாவை வலையை அறுத்து உயிரோடு விட்டவர்களும் இந்தக் கரையில்தான் இருக்கிறார்கள், அதற்கு வனத்துறை ஊக்கத்தொகையும் கொடுக்கிறது. வலையை அறுத்தால் நஷ்டம் எவ்வளவு என்று உங்கள் அப்பாவுக்குத் தெரியும். இன்னும் மூன்று படங்கள் பாக்கி இருக்கின்றன அல்லவா, அவர்களில் ஒருவரிடம் கேட்டு, அவர் சம்மதித்தால், அதில் ஒன்றை அவருக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

வரிசைப்படி சொன்னால், இந்த வாரம் வழக்கறிஞரைப் பார்த்து ஓட்டையும் பவளத்தையும் கடல் குதிரைகளையும் ஒப்படைப்பது, அது முடியும் வரை ரிசார்ட்டுக்குப் பதில் சொல்லாமல் இருப்பது, அப்புறம் புகைப்படக்காரர்களுக்குக் கடிதம். ரிசார்ட் திருத்திய பத்திரம் தந்தால் கையெழுத்துப் போடும் முன் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள். சுவரில் வரையப் போகும் ஆவுளியாவுக்கு அந்த வாலை மறந்துவிடாதீர்கள், இரண்டாகப் பிரிந்த வால்.